இருட்டில் கிளம்பும் பள்ளி வேன்: சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

தமிழ்நாட்டிலிருந்து பிள்ளையோடு மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டுக்குக் குடிவருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்கலாம் என்றுதான். டவுனில் மகாத்மா காந்தி கலாசாலை பெரிய பள்ளி. எல்பில், ஹீவூட் என்று தோட்டத்தின் (எஸ்டேட்டின்) பெயரோடு சிறிய பள்ளிகளும் சுற்றுவட்டாரத்தில் உண்டு. பிள்ளைக்கு மலேசியக் குடியுரிமை இல்லையென்றால் கல்வி இலாகாவின் அனுமதி வேண்டும். கோலகங்சார் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரித்துச் சீக்கிரமே ஆரம்பியுங்கள், நாளாகும். ஃபாரமும் பத்திரமும் எப்படியாவது முடிந்துவிடும். பள்ளி திறக்கும் அன்று காலை "வயிறு வலிக்குதும்மா" என்று படுக்கையை விட்டு எழ மறுக்கிற பிள்ளையைச் சமாளிப்பதுதான் பெரிய வேலை.

அந்த வலியை நடிப்பு என்று நினைக்காதீர்கள். பயந்தால் வயிறு நிஜமாகவே பிசையும், தலையும் வலிக்கும். சனி, ஞாயிறில் வலி காணாமல் போவதால் பிள்ளை பொய் சொல்கிறது என்று ஆகிவிடாது. அதற்காக வீட்டில் நிறுத்திவிடவும் வேண்டாம். காய்ச்சல், வாந்தி, பேதி இல்லையென்றால் அனுப்புங்கள். ஒரு நாள் நிறுத்தினால் அன்று கிடைக்கும் நிம்மதி பிள்ளைக்குப் பழகிவிடும். மறுநாள் வாசலைத் தாண்டுவது இன்னும் கஷ்டம்.

"பயப்படாதே, ஒண்ணுமில்ல" என்று நூறு தடவை சொல்வதால் பெரிய பலன் இல்லை. எதற்குப் பயம் என்று கேட்டாலும் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. தெரியாத சின்னச் சின்ன விஷயங்கள் சேர்ந்துதான் பயமாகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

முதலாவது இருட்டு. தமிழ்நாட்டில் ஏழு மணிக்கு நல்ல வெயில். இங்கே 1982 ஜனவரியில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி, கிழக்கு மலேசிய மாநிலங்களான சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் பேராக்கில் ஜனவரி மாதம் சூரியன் தலைகாட்ட ஏழே கால், ஏழரை ஆகும். பள்ளி ஏழரை வாக்கில் தொடங்கிவிடும். தோட்டப் பக்கம் வேன் ஆறரைக்கே வந்து நிற்கும். செம்பனை மரங்களுக்கு நடுவே கும்மிருட்டு, வேன் விளக்கு மட்டும் கண்ணைக் கூசும். ஊரிலிருந்து வந்த பிள்ளைக்கு அது நடுராத்திரி. பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் இரண்டு மூன்று நாள் அதே நேரத்தில் எழுப்பி, டார்ச்சைக் கையில் கொடுத்து, வேன் நிற்கும் இடம்வரை நடத்திக் கூட்டிப் போய் வாருங்கள். வேன்காரரை "அங்கிள்" என்று ஒரு தடவை பேசவைத்துவிடுங்கள். அதே வேனில் போகிற பெரிய பிள்ளை ஒருத்தி பக்கத்து வீட்டில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அந்த அக்காவுக்குப் பக்கத்து சீட்டு என்று முன்பே பேசி வையுங்கள்.

தூக்கமும் இதோடு சேர்ந்ததுதான். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வரை ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். ஐந்தரைக்கு எழ வேண்டுமென்றால் எட்டரைக்குப் படுக்க வேண்டும். இந்திய நேரம் மலேசிய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால், புதிதாக வந்த பிள்ளையின் உடம்புக்கு அப்போது மாலை ஆறு மணிதான்! ஒரே நாளில் மாறாது. தினமும் அரை மணி நேரம் முன்னால் இழுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். டிக்கெட் மலிவு என்று ஞாயிறு ராத்திரி வந்து இறங்குவது பிள்ளைக்குச் செய்கிற கொடுமை.

அடுத்தது கழிப்பறை. பெரியவர்கள் யாரும் இதைப் பேசுவதில்லை. பாதிப் பிள்ளைகளின் காலை நேர அழுகைக்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. கதவில் மலாயில் "தண்டாஸ்" என்று இருக்கும். ஆண்பிள்ளைக்கு "லெலாக்கி", பெண்பிள்ளைக்கு "பெரெம்புவான்". பள்ளிக்கு முன்னதாகப் போகும் நாளில் இடத்தைக் காட்டி, குழாயைத் திறந்து மூடவும் பழக்கிவிடுங்கள். "டீச்சர், நான் கழிப்பறைக்குப் போகலாமா?" என்று வீட்டிலேயே நாலு தடவை கைதூக்கிக் கேட்க வையுங்கள்.

கேண்டீனும் அப்படித்தான். ஓய்வு நேரம் குறைவு, வரிசை நீளம். வீட்டில் நீங்கள் கடைக்காரராக உட்கார்ந்து, பிள்ளை ரிங்கிட் நோட்டை நீட்டி நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறும் மிளகாய் அரைத்த சம்பலும்) வாங்கட்டும். சம்பல் காரம் ஆகாத பிள்ளைக்கு, அதில் நெத்திலி கிடக்கும் என்பதால் சைவப் பிள்ளைக்கும், முதல் வாரம் வீட்டுச் சாப்பாடே நல்லது. டப்பா மூடி அவனே திறக்கக்கூடியதா என்று பாருங்கள். புதுச் சீருடை, கறுப்புச் சப்பாத்து (ஷூ) இரண்டையும் ஒரு நாள் முன்பே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கேட்டில் விடைபெறுவது சுருக்கமாக இருக்கட்டும். தலையைத் தடவி, "கேண்டீன்ல சாப்பிட்டு, அப்புறம் பாடம் முடிஞ்சு மணி அடிச்சதும் அம்மா இந்த மரத்தடியில நிப்பேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். ஏழு வயதுக்குக் கடிகாரம் சரியாகப் புரியாது, மணி அடிப்பது புரியும். பிள்ளை அசந்த நேரம் பார்த்து நழுவிப் போகாதீர்கள். அடுத்த நாள் கையை விடவே விடாது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதும் வேண்டாம். முதலாம் ஆண்டு வகுப்பில் ஒரு அம்மா முகம் தெரிந்தால் போதும், பக்கத்துப் பிள்ளையும் சேர்ந்து அழும். சொன்ன மரத்தடியில் சொன்ன நேரத்துக்கு முன்பே போய் நின்றுவிடுங்கள். பிற்பகல் இடிமழை இங்கே சகஜம், குடை எப்போதும் பையில் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீட்டில் அடம் பிடித்தால் "இரு, டீச்சர்கிட்ட சொல்றேன்" என்று மிரட்டுகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். காலையில் யாரிடம் ஒப்படைக்கிறோமோ அவரையே பூச்சாண்டி ஆக்கினால் பிள்ளை எப்படி வண்டியேறும்? ஊரிலிருந்து வீடியோ காலில் "ஐயோ, தங்கம் அழுதானா?" என்று பாட்டி உருகுவதையும் கொஞ்ச நாளைக்கு அவன் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டியோடு பேசும்போது பள்ளியில் யார் பக்கத்தில் உட்கார்ந்தான் என்பது பேச்சாகட்டும்.

பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு மூன்று வாரத்தில் தெளிந்துவிடும். நீண்ட விடுமுறைக்குப் பிறகு வரும் திங்கட்கிழமை பழைய அழுகை திரும்பலாம். முதல் வாரத்தில் செய்ததையே திரும்பச் செய்யுங்கள். ஒரு மாதம் ஆகியும் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கத்தில் அலறுகிறது, படுக்கையை நனைக்கிறது என்றால் காத்திருக்காமல் வகுப்பாசிரியரைப் பாருங்கள். யாராவது அடிக்கிறார்களா, பேச்சை வைத்துக் கேலி செய்கிறார்களா என்று அவரிடம் நேராகவே கேட்கலாம். அப்படி எதுவும் இல்லையென்றால் டவுனில் இருக்கும் அரசாங்க கிளினிக்கில் பிள்ளையைக் காட்டுங்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கட்டணம் கூடுதல். பாஸ்போர்ட்டையும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.