சின்னப் பிள்ளைக்கு வடிவம் சொல்லிக் கொடுக்க சார்ட் வேணாம், ஈர்க்குச்சி போதும்

பிள்ளைக்கு மூணு வயசு ஆனதும் நம்ம ஆளுங்க முதல்ல வாங்குறது கடையில தொங்குற அந்த பிளாஸ்டிக் சார்ட்தான், மேல வட்டம், கீழ சதுரம், பக்கத்துல மஞ்சளா ஒரு முக்கோணம், அதுவும் எப்பவும் கீழ தட்டையா மேல கூராதான் நிக்கும். பிள்ளையும் சீக்கிரமே எல்லாத்தையும் ஒப்பிச்சிடும், பாட்டி கை தட்டுவாங்க. இப்ப ஒண்ணு பண்ணிப் பாருங்க. பேப்பர்ல ஒரு முக்கோணத்த வெட்டி தலைகீழா காட்டி இது என்னன்னு கேளுங்க. நெறைய பிள்ளைங்க முழிக்கும், இல்லனா கவுந்து போச்சுன்னு சொல்லும். சதுரத்த சாய்ச்சு வெச்சா அது சதுரம் இல்லையாம், பட்டமாம். ஒல்லியா நீளமா ஒரு முக்கோணத்த வெட்டிக் காட்டினா அது ஊசியாம்.

பிள்ளை மக்குன்னு நெனைக்காதீங்க. நெதர்லாந்துல வான் ஹீலேன்னு ஒரு தம்பதி, ரெண்டு பேருமே ஸ்கூல்ல பாடம் எடுத்தவங்க, 1957ல அவங்க ஆராய்ச்சியில சொன்னதே இதுதான்: ஆரம்பத்துல பிள்ளைங்க ஒரு வடிவத்த முகத்த அடையாளம் பிடிக்கிற மாதிரி மொத்தமா பாத்துதான் தெரிஞ்சுக்கும், பக்கம் எத்தன மூலை எத்தனன்னு பாக்குறது அதுக்கப்புறம், அதுவும் வயசு ஏறுனா தானா வந்துடாது, நாம எப்படி சொல்லிக் கொடுக்குறோங்கறதுலதான் இருக்கு. அதனால பேர ஒப்பிக்க வைக்கிற வேலைய கொஞ்சம் தள்ளி வெச்சிட்டு கைக்கு வேலை கொடுப்போம். சாமான் எதுவும் பெருசா வாங்க வேணாம், மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி எஸ்டேட் ஊர்ல இருக்குறவங்களுக்கு பாதி வீட்டு வாசல்லயே கெடக்கு.

முதல்ல ஈர்க்குச்சி. செம்பனை (எண்ணெய்ப்பனை) ஓலையில உரிச்சதோ, பழைய விளக்கமாத்துல உருவுனதோ, எதுவா இருந்தாலும் நல்லா கழுவி காய வெச்சிடுங்க. 10 சென்டிமீட்டர்ல ஒரு கட்டு வெட்டிக்குங்க, 4 சென்டிமீட்டர்ல கொஞ்சம், 14 சென்டிமீட்டர்லயும் கொஞ்சம். சப்பாத்திக்கு பெசையிற மாவுல இருந்து ஒரு உருண்டை எடுத்து சின்னச் சின்னதா உருட்டிக்குங்க, அதுதான் குச்சிய ஒட்டுற மூலை. ரெண்டு வயசு தம்பி தங்கச்சி வீட்டுல இருந்தா இதயெல்லாம் மேசை மேல வெச்சே செய்யுங்க, டாய்லெட் பேப்பர் சுத்தி வர்ற அட்டைக் குழாய்க்குள்ள நுழையிற எந்த சாமானும் அந்த வயசுக்கு ஆகாது, தொண்டையில மாட்டிக்கும். குச்சி நுனி கண்ணுல படாம பாத்துக்குறது உங்க வேலை.

இப்ப மூணு 10 குச்சிய எடுத்து முக்கோணம் செய்யச் சொல்லுங்க, அப்புறம் நாலு 10 குச்சியில ஒரு சதுரம். ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஒரு மூலைய விரலால மெதுவா தள்ளச் சொல்லுங்க. சதுரம் அப்படியே சரிஞ்சு சாயும், முக்கோணம் அசையாது. இத பாக்குறப்ப பிள்ளைங்க மூஞ்சிய பாக்கணும் லா, திரும்பத் திரும்ப தள்ளிப் பாக்கும். உடனே காரணம் சொல்லிடாதீங்க. அந்த 14 குச்சிய எடுத்து சதுரத்துக்கு குறுக்க மூலைக்கு மூலை மாட்டச் சொல்லுங்க, ஆடாம நின்னுடும், உள்ள எத்தன முக்கோணம் இருக்குன்னு மட்டும் கேளுங்க. அப்புறம் வெளிய கூட்டிட்டுப் போயி கரண்ட் டவர காட்டுங்க, லயத்து வீட்டுக் கூரையில உள்ள கட்டைய காட்டுங்க, எல்லாத்துலயும் குறுக்குக் கட்டை இருக்கும்.

இதுல இன்னொரு விளையாட்டு, எனக்கு ரொம்பப் புடிச்சது. ஒரு 10 குச்சியும் ரெண்டு 4 குச்சியும் கொடுத்து முக்கோணம் செய்யுன்னு சொல்லுங்க. செய்யவே முடியாது, ரெண்டு சின்னதும் சேந்தாலும் பெருச எட்டாது. பிள்ளை அஞ்சு நிமிஷம் மல்லுக்கட்டும், விடுங்க. ஏன் மூடலன்னு அதுவே சொல்லும், இல்லனா வேற குச்சி கேக்கும், கேட்டாலே விஷயம் புரிஞ்சிருச்சு. அடுத்து ரெண்டு 10 குச்சியும் ஒரு 4 குச்சியும் கொடுங்க, ஒல்லி முக்கோணம் வரும், தன் கையால செஞ்சத பிள்ளை ஊசின்னு சொல்லாது.

ரெண்டாவது கயிறு. துணி காயப் போடுற கயிறு ஒரு 10 மீட்டர் எடுத்து ரெண்டு நுனியையும் முடிஞ்சு பாடாங்லயோ (விளையாட்டுத் திடல்) கோயில் திடல்லயோ போடுங்க. மூணு பிள்ளைங்க உள்ள நின்னு இழுத்துப் பிடிச்சா முக்கோணம், நாலாவது ஆள் வந்தா நாலு மூலை, ஒரு ஆள் ரெண்டு அடி நகந்தாலே வடிவம் மாறும், ஆனா மூலை எண்ணிக்கை மாறாது. கயிற பிடிக்காம நிக்குற பிள்ளைங்க ஓரமா நடந்து மூலைக்கு மூலை கை தட்டி எண்ணட்டும். எட்டுப் பேர் பிடிச்சா சிம்பாங்ல, அதாவது ரோடு பிரியிற சந்திப்புல, நிக்குற பெர்ஹெந்தி (நில்) போர்டு வடிவம். ஆள் கூடக் கூட வட்டம் மாதிரி ஆகிட்டே வரும், அத வாயால சொல்லிப் புரிய வைக்க முடியாது, பிடிச்சாதான் தெரியும். வட்டத்துக்கு ஒரு ஆள் நடுவுல கயிற பிடிச்சு நிக்கணும், இன்னொரு ஆள் விறைப்பா இழுத்துட்டு மண்ணுல குச்சியால கோடு போட்டுட்டே சுத்தி வரணும்.

கயிறு கையில இருக்கும்போதே செம்பனை ஓரத்துக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க, எஸ்டேட்ல வேலை செய்யிற மாமா யாராவது கூட வந்தா நல்லது, உள்ள போகாதீங்க, பாம்பு இருக்கும். ரோட்டுப் பக்கமா உள்ள மரத்துல ஒரு பிள்ளை, பக்கத்து மரத்துல ஒண்ணு, பின் வரிசையில அந்த ரெண்டுக்கும் நடுவுல வர்ற மரத்துல ஒரு பெரியவர் நின்னா பெரிய முக்கோணம் கெடைக்கும். செம்பனைய பெரும்பாலும் அப்படித்தான் நடுவாங்க, மூணு பக்கமும் சமமா, சாதாரணமா 9 மீட்டர் இடைவெளி. அதே இடைவெளியில சதுரமா நட்டா ஒரு ஹெக்டேருக்கு சுமார் 123 மரம்தான் போகும், முக்கோணமா நட்டா 143 வரைக்கும் போகும், எல்லா மரத்துக்கும் வெயிலும் ஒரே அளவு கெடைக்கும். கணக்கு பிள்ளைக்கு வேணாம், உங்களுக்குத்தான். பிள்ளைக்கு, முடிச்ச அவுத்துட்டு ஒரே கயிறு மூணு பக்கத்துக்கும் சரியா வருதான்னு அளந்து பாக்குறதே போதும்.

மழை நாள்ல அடுப்படி. கேரட்ட நேரா வெட்டினா வட்டம், அதே கேரட்ட சாய்ச்சு வெட்டினா நீள்வட்டம், வெட்டுறது நீங்க, கலர்ல முக்கி பேப்பர்ல குத்துறது பிள்ளை. மஞ்சத் தண்ணி, பீட்ரூட் சாறு போதும். வெண்டிக்காய், பிளிம்பிங் பழம் (நட்சத்திரப் பழம்) குறுக்க வெட்டினா பெரும்பாலும் அஞ்சு முனை வரும், கோலத்துல பூ போட்ட மாதிரி இருக்கும், எண்ணச் சொல்லுங்க.

வட்டத்தையும் பந்தையும் பிள்ளைங்க குழப்பிக்கும், அதுக்கு டின் எடுங்க. 1837ல ஜெர்மனியில முதல் பாலர் பள்ளிய ஆரம்பிச்ச ஃப்ரோபெல்கூட மரத்துல பந்து, கட்டை, உருளை மூணும் செஞ்சுதான் பிள்ளைங்க கையில கொடுத்தாரு. நமக்கு மைலோ டின்னே உருளை. அடிய கலர்ல முக்கி குத்தினா வட்டம், பக்கத்துல கலர் பூசி உருட்டினா செவ்வகம். காலி சுசு (பால்) டின்ல சுத்தியிருக்குற பேப்பர உரிச்சு விரிச்சாலும் அதே செவ்வகம்தான், டின் மூடி வெட்டுன விளிம்பு கையக் கிழிக்கும், அத முதல்ல தூக்கிப் போட்டுடுங்க.

பேர் எப்ப சொல்றது? செய்யிறப்பவே சொல்லிட்டு வாங்க, ஆனா கேள்வி கேக்குறத வரிசையா கேளுங்க. 1907ல ரோம்ல பள்ளி தொறந்த மொண்டெசொரி அம்மா வழி இது. அட்டையில வெட்டுன வடிவத்த ரெண்டு விரலால ஓரமா தடவிட்டே இது முக்கோணம்னு நீங்க சொல்லணும், பிள்ளையும் தடவணும். அடுத்த கட்டம், ரெண்டு மூணு வடிவத்த வெச்சு முக்கோணத்த எடுத்துக் குடுன்னு கேக்கணும். அதுல தடுமாறாம எடுத்தாதான் கடைசியா இது என்னன்னு கேக்கணும். நம்ம வீடுங்கள்ல எடுத்தவுடனே கடைசிக் கேள்விய கேட்டுட்டு பதில் வரலன்னு திட்டுறோம். நல்லா பழகுனப்புறம் எல்லாத்தையும் ஒரு தலையணை உறையில போட்டு பாக்காம தடவி எடுக்கச் சொல்லுங்க. பிரிஸ்கூல்ல முக்கோணத்த மலாய்ல செகி தீகான்னு படிச்சிட்டு வந்தா அதையும் சேத்துச் சொல்லட்டும், ஒண்ணும் கெட்டுப் போகாது.

கொஞ்சம் விவரமான பிள்ளைன்னா அஞ்சு ஆறு வயசுல சதுரமும் செவ்வகமான்னு கேக்கும். ஆமாதான், நாலு பக்கம் இருந்து நாலு மூலையும் செங்கோணமா இருக்குற எல்லாமே செவ்வகம், அதுல நாலு பக்கமும் சமமா வந்தா சதுரம். இல்லன்னு சொல்லி வாய மூட வெச்சிடாதீங்க, பின்னால கணக்குல அது பிரச்சனையாகும். ரெண்டு 14 குச்சியும் ரெண்டு 10 குச்சியும் வெச்சு ஒரு செவ்வகம் செய்யச் சொல்லுங்க, நீள குச்சி ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சமா நறுக்கிட்டே வந்து ஒவ்வொரு தடவையும் இது இன்னும் செவ்வகம்தானான்னு கேளுங்க, 10க்கு வந்து நிக்கும்போது அதுவே பதில் சொல்லட்டும்.