புகையான் மீண்டும் மீண்டும் வந்தது ஏன்?

என் வயலில் நெற்பயிர் வட்டவட்டமாகக் காய்ந்தது. தூரைத் தட்டினால் தண்ணீரில் புகையான், அதாவது நெல்லின் சாற்றை உறிஞ்சும் சிறு பழுப்புப் பூச்சி, கொட்டியது. சிந்தெடிக் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து தெளித்ததும் அடங்கி, பிறகு முன்னைவிட அதிகமாகக் கிளம்பியது. மருந்தை மாற்றியும் அதே நிலைதான். காரணம், இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டை மருந்துக்குத் தப்பிவிடும். அதைத் தின்னும் பூச்சிதான் சாகும்.

தட்டும்போது விழுவதில் பச்சை உடலும் கறுப்புத் தலையுமாக ஒன்று இருக்கும். பயிரின் சாற்றை உறிஞ்சும் பச்சைத் தத்துப்பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள், உணர்கொம்பைப் பாருங்கள். தத்துப்பூச்சிக்குக் குட்டை மயிர்போல இருக்கும். நீளமாக இருந்தால் அது மிரிட் நாவாய்ப்பூச்சி, புகையான் முட்டையை உறிஞ்சுவது.

தெளிப்பை அடியோடு நிறுத்தினேன். மேலுர யூரியாவைத் தள்ளிவைத்து, தண்ணீரை வடித்து, பயிரை ஒதுக்கித் தூருக்குக் காற்றும் வெயிலும் படவிட்டேன். மிரிட்டும் சிலந்தியும் பெருகின, புகையான் குறைந்தது. அடுத்த நடவில் 2.5 மீட்டருக்கு ஒரு 30 செ.மீ. பட்டம் (நடாத இடைவெளி) விட்டு, வரப்பில் எள் விதைத்தேன். எள்ளுப்பூவின் தேன் மிரிட்டுக்கு உணவு.