காந்த பீட்ஸ் கொண்டு ரத்தத்திலிருந்து மோனோசைட் பிரிப்பது எப்படி

மோனோசைட் ஒரு வகை வெள்ளையணு. அதன் மேற்பரப்பிலுள்ள சிடி14 புரதத்தில் நுண்ணிய காந்த பீட்ஸை (மணிகளை) ஒட்டவைத்து, காந்தத்தில் மாட்டிய குழலில் பிடிப்பதே இந்த முறை. இங்குள்ள அளவுகள் 5 கோடி பிபிஎம்சி (ரத்தத்தின் ஒற்றைக்கரு வெள்ளையணு) செல்களுக்கு. ஃபைகாலில் (செல்களை அடர்த்தியால் பிரிக்கும் திரவம்) பிரித்த செல்களை 200 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றி, மேல் திரவத்தை நீக்குங்கள். தட்டணுக்களில் பெரும்பகுதி அதோடு போய்விடும். தங்கிவிட்டால் மோனோசைட்டுகளில் ஒட்டி, கட்டி கட்டி, குழலை அடைக்கும்.

பஃபருக்கு, கால்சியமும் மக்னீசியமும் இல்லாத பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல், பிஎச் 7.2), 0.5% பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்), 2 மில்லிமோலார் இடிடிஏ (செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பது). முன்கூட்டியே வாக்குவத்தில் வைத்துக் காற்றை எடுத்துவிடுங்கள். குளிர்ந்த பஃபர் குழலுக்குள் சூடேறும்போது குமிழி விடும். ஒரு குமிழி போதும், ஓட்டம் நின்றுவிடும்.

செல்களை 400 மைக்ரோலிட்டர் பஃபரில் கலைத்து, 100 மைக்ரோலிட்டர் சிடி14 பீட்ஸ் (50 நானோமீட்டர் வகை) சேருங்கள். இந்த அளவு மொத்த செல் எண்ணிக்கைக்கு. மோனோசைட் எண்ணிக்கைக்கு அல்ல. ஃபிரிட்ஜில் 15 நிமிடம். அறை வெப்பத்திலோ அதிக நேரமோ வைத்தால் வேண்டாத செல்களிலும் பீட்ஸ் ஒட்டும். ஐஸில் வைத்தால் பிணைப்பு மெதுவாகும்.

5 முதல் 10 மி.லி. பஃபரில் கழுவி, 300 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றி, 500 மைக்ரோலிட்டரில் கலைத்து, 30 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள்.

எம்எஸ் குழலை (சிறிய வகைப் பிரிப்புக் குழல்) காந்தத்தில் மாட்டி, 500 மைக்ரோலிட்டரால் நனைத்து, செல்களை ஊற்றுங்கள். பிறகு 500 மைக்ரோலிட்டராக மூன்று முறை கழுவுங்கள். முந்தையது முழுதும் இறங்கிய பிறகே அடுத்தது. இறங்குவதெல்லாம் எதிர்ப்பகுதி (பீட்ஸ் ஒட்டாத செல்கள்), அதைக் கொட்டிவிடாதீர்கள். குழலைக் காந்தத்திலிருந்து எடுத்து, 1 மி.லி. ஊற்றி, உந்துதண்டால் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். தயங்கித் தயங்கி அழுத்தினால் பாதி உள்ளேயே தங்கும்.

இனி அளவீடு. தொடக்கம், எதிர்ப்பகுதி, பிடிபட்டது என மூன்றிலிருந்தும் 1 லட்சம் செல்கள் எடுத்து, ஒளிரும் சிடி14 ஆன்டிபாடியும் 7-ஏஏடியும் (செத்த செல்களில் ஏறும் சாயம்) போட்டு ஃபுளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் அளக்கும் கருவி) ஓட்டுங்கள். பீட்ஸைக் கழற்றத் தேவையில்லை. தூய்மை மட்டும் பார்ப்பது அரைகுறைக் கணக்கு, மீட்பும் (தொடக்கத்தில் இருந்த சிடி14 செல்களில் எத்தனை சதவீதம் கையில் கிடைத்தது) வேண்டும். தொடக்கத்தில் 15% சிடி14 என்றால் 75 லட்சம். பிடிபட்டது 60 லட்சம், அதில் 95% சிடி14 என்றால் 57 லட்சம், மீட்பு 76%.

எதிர்ப்பகுதியில் சிடி14 செல்கள் மிஞ்சினால், பீட்ஸ் குறைவு அல்லது குழல் நிரம்பிவிட்டது (எம்எஸ் குழல் பீட்ஸ் ஒட்டிய 1 கோடி செல்கள் வரைதான் தாங்கும்). பிடிபட்டதில் பிற செல்கள் தெரிந்தால் முதலில் 7-ஏஏடியைப் பாருங்கள்: செத்த செல்கள் பீட்ஸைக் கண்டபடி இழுக்கும். அவை குறைவாக இருந்தும் தூய்மை போதவில்லையென்றால், புதுக் குழலில் இன்னொரு முறை விடுங்கள்.