ஃப்ரீமேசன் சின்னங்களுக்குப் பொருள் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை ரேஸ்கோர்ஸ் சாலையில் மேசானிக் குழந்தைகள் மருத்துவமனை இருப்பது ஊருக்கே தெரியும். ‘மேசானிக்’ என்றால் ஃப்ரீமேசன் என்ற சகோதரச் சங்கத்தைச் சேர்ந்தது என்று பொருள். ஆனால் அது என்ன என்று கேட்டால் பெரும்பாலும் உலகை ரகசியமாக ஆளும் இலுமினாட்டிக் கதைதான் பதிலாக வருகிறது. அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். இந்தச் சின்னங்களில் முக்கியமானவை கல் வேலைக்காரர்களின் கருவிகள். திருமுருகன்பூண்டிச் சிற்பக்கூடத்திலோ வீடு கட்டும் இடத்திலோ கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் பாதி விளங்கிவிடும்.

அதிகம் நடக்கும் தவறு, கருவி எதுவென்று தெரியாமலே பொருள் சொல்வது. முக்கோணச் சட்டத்தில் குண்டு தொங்கும் பதக்கத்தைப் பார்த்ததும் எகிப்துப் பிரமிடு என்று எழுதிவிடுகிறார்கள். அது ரசமட்டம் வருவதற்கு முந்தைய மட்டச் சட்டம். அடிக்கட்டையைத் தளத்தில் படுக்க வைத்து, உச்சியிலிருந்து நூலில் குண்டைத் தொங்கவிடுவார்கள். நூல் நடுக்கோட்டில் நின்றால் தளம் மட்டம். லாட்ஜில், அதாவது மேசன்களின் உள்ளூர்க் கிளையில், இதை அணிபவர் சீனியர் வார்டன் என்ற பொறுப்பாளர். உறுப்பினர் எல்லோரும் சமம் என்பது பொருள். அதே நூலும் குண்டும் குறுகலான நெட்டுப் பலகையில் இருந்தால் அது சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டு. ஜூனியர் வார்டனுக்கு உரியது, நேர்மையைக் குறிப்பது. அடி அகலமா குறுகலா என்று பார்த்தாலே இரண்டையும் பிரித்துவிடலாம். செங்கோணம் பார்க்கும் ‘L’ வடிவ மூலமட்டம் லாட்ஜின் தலைவருக்கு.

மூலமட்டமும் கவராயமும் சேர்ந்த சின்னத்தை வரைகிறவர்கள், பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸ் நினைவில் ஒரு காலில் பென்சிலை வைத்துவிடுகிறார்கள். இரண்டு காலும் கூர்முனையாகத்தான் இருக்க வேண்டும். முனைகள் மேலே வருவதா கீழே போவதா என்பதும் வரைகிறவர் இஷ்டம் கிடையாது. இரண்டும் மூலமட்டத்துக்கு அடியில் மறைந்தால் உறுப்பினர் ஏறும் மூன்று படிகளில் முதல் படி. ஒன்று மட்டும் மேலே வந்தால் இரண்டாம் படி. இரண்டும் மேலே இருந்தால் மூன்றாம் படியான மாஸ்டர் மேசன். நடுவில் வரும் ‘ஜி’ எழுத்து கடவுளையும் ஜியாமெட்ரியையும் குறிப்பது. அமெரிக்காவில் அது பரவலான வழக்கம். இங்கிலாந்து மரபில் பெரும்பாலும் இருக்காது என்பதால், எழுத்தைக் காணோம் என்று போலி முத்திரை குத்த வேண்டாம்.

டாலர் நோட்டில் இருக்கும் கண்ணை மேசன் சின்னம் என்று சொல்வதையும் விட்டுவிடலாம். அது 1782-ல் ஏற்கப்பட்ட அமெரிக்க அரசு முத்திரையின் பின்பக்கம். அதற்கு இறுதி வடிவம் கொடுத்த சார்லஸ் தாம்சன், வில்லியம் பார்ட்டன் இருவரும் மேசன்கள் என்பதற்குச் சான்று இல்லை. முருகன் கோயில் அறுகோணத்தை மேசன்களோடு முடிச்சுப் போடுவதும் இதே வகைதான்.

அடுத்தது, சடங்கில் சொல்லும் கதையை வரலாறாக எடுத்துக்கொள்வது. சாலமோன் கோயிலைக் கட்டிய ஹிரம் அபிஃப் கொலையுண்ட கதை மூன்றாம் படிச் சடங்கின் நாடகம். அச்சில் அது தெரியவருவது 1730-ல்தான். ஆவணம் பேசும் வரலாறு வேறு: ஸ்காட்லாந்துக் கல்தச்சர்களுக்கு வில்லியம் ஷா வகுத்த விதிகள் 1598, கல் வேலையே தெரியாத எலியாஸ் ஆஷ்மோல் வாரிங்டனில் சேர்ந்தது 1646, லண்டனில் நான்கு லாட்ஜுகள் கூடிக் கிராண்ட் லாட்ஜ் என்ற தலைமை அமைப்பைத் தொடங்கியதாக மரபு சொல்லும் ஆண்டு 1717. அந்தக் கடைசி ஆண்டை 1721 என்று திருத்தச் சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. மேசன்களின் முன்னோர் என்று கதைகளில் வரும் டெம்ப்ளர் என்ற சிலுவைப்போர்ப் படையணி 1312-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. இலுமினாட்டி 1776-ல் பவேரியாவில் தொடங்கிப் பத்தாண்டுக்குள் தடைபட்ட தனி அமைப்பு. அதில் சில மேசன்கள் இருந்ததால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ‘33-ஆம் டிகிரி’யும் 1801-ல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் உருவான ஸ்காட்டிஷ் ரைட் பிரிவின் கணக்கு; அடிப்படை லாட்ஜில் படிகள் மூன்றே.

இது வெள்ளைக்காரர் கிளப், கிறிஸ்தவ மத அமைப்பு என்று எழுதுவதும் சரியாகாது. ஆற்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா திருச்சியில் மேசனாகச் சேர்ந்தது 1775-ல். இந்தியக் கிராண்ட் லாட்ஜ் 1961 நவம்பர் 24 அன்று அமைந்தது. அதன் லாட்ஜுகளில் பகவத் கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்த் சாகிப், பார்சிகளின் ஜெண்ட் அவெஸ்தா எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. சேர்கிறவர் தம் மதத்து நூலின் மேல் கை வைத்து உறுதிமொழி எடுக்கலாம். கடவுள் நம்பிக்கை கட்டாயம், எந்தக் கடவுள் என்பது அவரவர் பாடு.