வலியை மட்டும் அளந்தால் போதாது: புற்றுநோய் வார்டில் நான் செய்யும் முறை

பன்னிரண்டு ஆண்டுகளாகப் புற்றுநோய் வார்டில் செவிலியராக இருக்கிறேன். நோயாளியின் வாழ்க்கைத் தரத்தையும் ஆன்மிக நலத்தையும் சேர்த்து அளக்க நான் எடுப்பது ஃபேக்ட்-ஜி, ஃபேசிட்-எஸ்பி என்ற இரண்டு படிவங்கள். முதலாவதில் 27 கேள்விகள்: உடல், குடும்பம், மனம், அன்றாட வேலை. இரண்டாவதில் 12: வாழ்வின் பொருள், அமைதி, இறைநம்பிக்கை என்று நான்கு நான்காக. எல்லாமே கடந்த 7 நாட்களைப் பற்றியவை. பதில் 0 முதல் 4 வரை. படிவங்களை வெளியிடுபவர்களிடம் உரிமம் வாங்கி, அவர்கள் தரும் மொழிபெயர்ப்பையே பயன்படுத்துங்கள்.

கீமோ ஏற்றிய வாரமா, அடுத்த சுற்றுக்கு வரும் காலையா என்று முதலிலேயே முடிவு செய்து, எல்லாருக்கும் அதே நாளில் கேளுங்கள். கூட இருப்பவரை "அண்ணே, டீ குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவேன். இல்லையென்றால் பதில் அவருடையதாகிவிடும்.

வாசித்துக் காட்ட நேர்ந்தால் அச்சில் உள்ளபடியே வாசியுங்கள். இரண்டாவது படிவத்தில், நோய் என்ன ஆனாலும் எல்லாம் நல்லபடியாக இருக்கும் என்ற பொருளில் ஒரு வாக்கியம் வரும். ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, "அப்போ குணமாயிடுமாம்மா?" என்றார். தலையாட்டத்தான் தோன்றியது. ஆனால் ஆட்டக்கூடாது. அதே வாக்கியத்தை மெதுவாக மறுபடி வாசித்தேன், அவர் கேட்டதை ஓரத்தில் குறித்தேன், படிவம் முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன்.

முதல் படிவத்தின் குடும்பப் பிரிவில் வரும் தாம்பத்தியம் பற்றிய கேள்வியைப் பலர் தவிர்ப்பார்கள். படிவமே அதற்கு இடம் தருகிறது, வற்புறுத்தாதீர்கள். குடும்பப் பிரிவின் 7 கேள்விகளில் 6க்குப் பதில் வந்து கூட்டுத்தொகை 18 என்றால், 18ஐ 7ஆல் பெருக்கி 6ஆல் வகுங்கள்: 21. எண் கூடினால் நிலைமை மோசம் என்று பொருள்படும் எதிர்மறைக் கேள்விகளுக்கு, கூட்டும் முன் 4லிருந்து பதிலைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இரண்டாவது படிவத்தில் 48க்கு எத்தனை என்று மொத்தத்தை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். கடவுள் மறுப்பாளரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: பொருள் 15, அமைதி 14, நம்பிக்கை 2. பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா: பொருள் 11, அமைதி 4, நம்பிக்கை 16. இருவருக்கும் 31தான். வாத்தியார் நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த 4ஐப் பார்த்துவிட்டு இரவுப் பணியில் அம்மாவிடம் போனேன். "சாமி கூடவே இருக்கார்மா. எனக்கப்புறம் என் பொண்ணு யார்கிட்ட இருப்பா?" என்றார். மறுநாள் காலை வார்டின் சமூகப் பணியாளரை அழைத்துவந்து அவர் பக்கத்தில் உட்கார வைத்தேன்.