தென்கரையில் வீடு எடுத்து வேலை பார்க்கப் போகிறவர்கள் விடும் பிழைகள்

சித்திரை வருடப்பிறப்பு முடிந்ததும் கொழும்பில் ஒரு கூட்டம் கிளம்பும். வேலை முழுக்க ஒன்லைன், ஒபிஸுக்குப் போகத் தேவையில்லை, வெள்ளவத்தையில் இரண்டு அறைக்குக் கொடுக்கிற வாடகைக்கு மிதிகமவில் தோட்டத்தோடு வீடே கிடைக்குமாம் என்று. அதில் பாதிப் பேர் எனக்குப் போன் எடுப்பார்கள். அஹங்கமவுக்கும் வெலிகமவுக்கும் இடையில் நான் கனகாலமாக வீடு மாறி வீடு மாறி வேலை பார்ப்பது சொந்தக்காரர் வட்டாரத்தில் தெரிந்த விஷயம். கடல் எவ்வளவு தூரம், நெட் எப்படி, பக்கத்தில் மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதை மட்டும் கேட்பதில்லை. பிறகு, முதலில் போன நாங்கள் விட்ட அதே பிழைகளை வரிசைகூட மாறாமல் விடுவார்கள்.

வெயிலுக்கு கிரீம் பூசுங்கள், தென்னைமரத்துக்குக் கீழே லேப்டொப்பை வைக்காதீர்கள் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதைச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

ஜூன் மாத வாடகையை வருட வாடகை என்று நம்புவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்கரைக்கு வருடத்தில் இரண்டு முகம். மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் செப்டெம்பர் வரை கடல் கொந்தளிக்கும், தண்ணீர் கலங்கிக் கிடக்கும், சர்ஃபிங் பலகையோடு வந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் கிழக்குக் கரை அறுகம்குடாவுக்குப் போய்விடுவார்கள். கெஸ்ட் ஹவுஸ்கள் காலி. நவம்பர் கடைசியில் கடல் அடங்கத் தொடங்கும். அப்போதிருந்து ஏப்ரல் வரைதான் அங்கே காசு புழங்கும் காலம். சீசனில் ஒரு இரவுக்கு டொலரில் போகும் அறையை ஜூனில் மாதக்கணக்கில் கொடுக்க வீட்டுக்காரர்கள் ஆயத்தமாக இருப்பார்கள். பூட்டிக் கிடந்து பூஞ்சணம் பிடிப்பதைவிட யாராவது இருப்பது நல்லதுதானே. கொழும்பில் இருந்து போகிறவருக்கு இது விளங்குவதில்லை. "எவ்வளவு மலிவு பார்த்தீர்களா" என்று படம் அனுப்புவார்.

தெஹிவளையில் இருந்து ஒரு சோடி போனது. புதிதாகக் கல்யாணம் கட்டியவர்கள், இருவருக்கும் லண்டன் நிறுவனத்து வேலை. ஜூலையில் ஒரு மாடி வீடு எடுத்தார்கள். வீட்டுக்கார ஐயா தங்கமான மனிதர். "எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருங்கள், நீங்களும் எங்கள் பிள்ளைகள்தான்" என்றாராம். எழுத்தில் ஒன்றுமில்லை. அந்த நம்பிக்கையில் ஃபைபர் இணைப்பைத் தங்கள் பெயரில் எடுத்தார்கள். தங்கள் காசில் ஏசி பூட்டினார்கள். ஊர்த் தச்சரைப் பிடித்துப் பலாமரத்தில் நீளமான வேலை மேசை ஒன்று செய்வித்தார்கள், அது அறைக்குள்ளேயே வைத்துப் பொருத்தியது, படியால் இறங்காது. நவம்பர் நடுவில் ஐயா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மாடிக்கு வந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகள் குடும்பத்தோடு வருகிறாள், டிசெம்பர் பத்துக்கு முன்னால் வீடு வேண்டும், மனவருத்தம் வேண்டாம் என்றார்.

மகள் வரவில்லை. அவர்கள் இறங்கிய அடுத்த கிழமையே அந்த மாடி புக்கிங் தளத்தில் ஏறியது. முதல் படத்தில் அந்தப் பலாமர மேசை, அதன் மேல் ஒரு செவ்விளநீர்.

பொலிஸுக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்டார்கள். எதைக் காட்டிப் போவது? இலங்கையில் 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எழுத்தில், ஒரு நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்தாக வேண்டும் என்பது அதில் உள்ள விதி. வாயால் கொடுத்த ஒரு வருட வாக்கு இதன் முன்னால் நிற்காது. மாத வாடகைக்காரராகவே உங்களைப் பார்ப்பார்கள். இரண்டு பேரும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கையெழுத்துப் போட்டாலும், நொத்தாரிசு இல்லையென்றால் அதற்கும் அவ்வளவுதான் மரியாதை. கொழும்பில் ஃபிளாட் எடுக்கும்போது நாங்கள் சட்டத்தரணியைத் தேடி ஓடுவோம். கடலைக் கண்டதும் அந்த மூளையைப் பையில் போட்டு மூடிவிடுகிறோம், ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை.

ஆகவே ஒப்பந்தம் எழுதும்போது டிசெம்பரில் இருந்து ஏப்ரல் வரையான மாதங்களைப் பெயர் சொல்லி உள்ளே கொண்டுவாருங்கள். வாடகை அந்த மாதங்களிலும் அதேதானா, கூடுமா, கூடினால் எவ்வளவு என்பதை இலக்கத்தில் எழுதுங்கள். சீசனில் கூட்டித்தான் கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் பிடிவாதமாக நின்றால், பன்னிரண்டு மாதத்துக்கும் சராசரி போட்டுப் பாருங்கள். பல நேரம் அந்தத் தொகை வெள்ளவத்தை வாடகையைத் தொட்டுவிடும். அப்படியென்றால் உண்மையான விலை அதுதான், ஜூலையில் உங்களுக்குச் சொன்னது வேறு கணக்கு. முன்னறிவித்தல் எத்தனை மாதம், நீங்கள் பூட்டும் ஏசியும் தளபாடமும் யாருக்கு என்பதும் வர வேண்டும். ஒப்பந்தம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் வாசிக்கத் தெரிந்த உங்கள் ஆள் ஒருவர் வாசித்துச் சொன்ன பிறகு பேனையை எடுங்கள்.

இன்னொன்று: உங்களிடம் காசு வாங்குகிறவர் வீட்டுக்குச் சொந்தக்காரர்தானா? அந்தப் பக்கம் வீட்டை ஒருவர் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து அறை அறையாகக் கைமாற்றுவது சாதாரணம். வீட்டு உறுதிப் பத்திரத்தில் யார் பெயர் என்று கேட்பதற்குக் கூச்சப்பட்டவர்களின் முற்பணம் எங்கே போனது என்று நான் சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு, அதன் பிறகு கொரோனா, 2022இன் பெற்றோல் வரிசை என்று அவர்கள் அடுத்தடுத்துச் சீசன்களை இழந்தார்கள். ஐந்து மாத உழைப்பில் வருடம் முழுக்க வங்கிக் கடன் கட்டுகிற குடும்பங்கள் அவை. ஐயாவின் இடத்தில் இருந்தால் நானும் டிசெம்பரில் மாடியைத் திரும்பக் கேட்டிருப்பேன். ஆனால் ஜூலையிலேயே சொல்லியிருப்பேன்.

பெப்ரவரியில் பார்த்த வீட்டுக்கு முழு வருடமும் முற்பணம் கட்டுவது

மேலே சொன்னதன் மறுபக்கம். ஜூலையில் ஒரு இரவு அங்கே படுத்துப் பாருங்கள், பிறகு கட்டுங்கள்.

வேலை நேரத்தையும் வானத்தையும் சேர்த்துப் பார்க்காதது

லண்டனில் காலை ஒன்பது மணி எங்களுக்குக் குளிர்காலத்தில் பிற்பகல் இரண்டரை, கோடையில் ஒன்றரை. அதாவது உங்கள் முக்கியமான கோல்கள் எல்லாம் பின்னேரத்தில் வரும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலத்தில், இடியும் மின்னலும் வருவதும் அதே பின்னேரத்தில்தான். காலை முழுக்கப் பளிச்சென்று வெயில் அடிக்கும். மூன்று மணிக்குப் பிறகு கறுத்துக்கொண்டு வரும், கரண்ட் போகும். மெல்பேர்ன் நிறுவனத்துக்கு வேலை செய்கிறவருக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர் விடிய முன்னமே லைட் போட்டு உட்கார்ந்து மத்தியானத்தோடு எழும்பிவிடுவார். இந்த விஷயத்தில் அவருக்குத்தான் கடற்கரை பொருந்தும், குளிக்கப் பின்னேரமும் மிஞ்சும்.

மின்னல் நேரத்தில் ரவுட்டரை இழுத்துக் கழற்றாமல் விட்டு அதை எரியக் கொடுத்தவர்கள் எக்கச்சக்கம். கரண்ட் போனாலும் ஃபைபர் பெரும்பாலும் வேலை செய்யும், உங்கள் ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால். 2022இல் பன்னிரண்டு, பதின்மூன்று மணிநேர மின்வெட்டுக் காலத்தில் கடை கடையாக விற்ற சின்ன யூபிஎஸ் இப்போதும் கிடைக்கிறது, அதில் ஒன்று போதும். கையில் இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் வைத்திருங்கள். ஆனால் வெட்டு நீண்டால் சிக்னல் கோபுரத்தின் பற்றரியும் இறங்கிவிடும் என்பது நினைவில் இருக்கட்டும். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் வந்த பிறகு சிலர் அதைப் பூட்டுகிறார்கள். அதற்கும் மின்சாரம் வேண்டும், தென்னோலை மறைக்காத வானமும் வேண்டும்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க இருண்டது. காரணத்தைச் சொன்னவர் மின்சக்தி அமைச்சர். அந்தச் செய்தியின் லிங்கை லண்டன் மனேஜருக்கு அனுப்பிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் நம்பவில்லை.

மீற்றரைப் பார்க்காமல் ஏசி பூட்டுவது

எங்கள் மின் கட்டணம் படி படியாக ஏறுவது. யூனிட் கூடக் கூட, ஒரு யூனிட்டின் விலையும் கூடும். வீட்டுப் பாவனையில் மாதம் 180ஐத் தாண்டினால் ஆக மேல் படி. கீழே வீட்டுக்காரர், மேலே நீங்கள், இரண்டு பேருக்கும் ஒரே மீற்றர் என்றால் என்ன நடக்கும்? இரண்டு வீட்டு யூனிட்டும் சேர்ந்து மேல் படிக்குப் போகும், "உங்கள் ஏசியால்தான்" என்று பில் மாடிக்கு வரும். தனி மீற்றர் கேளுங்கள். பழைய பில் ஒன்றையும் வாங்கிப் பாருங்கள். கெஸ்ட் ஹவுஸாகப் பதிந்த இடமென்றால் கட்டண வகையே வேறாக இருக்கும்.

கடலை ஒட்டிய முதல் வரிசை வீடு

படத்துக்கு அழகு. தென்மேற்குக் காற்றில் உப்பு ஜன்னல் பிணைச்சல், ஏசியின் வெளிப்பெட்டி, மோட்டார் சைக்கிள் செயின், லேப்டொப்பின் துளைகள் என்று எல்லாவற்றிலும் ஏறும். காலி வீதிக்கு உள்பக்கம், ரயில் பாதையையும் தாண்டி, ஒரு வயலோரத்தில் எடுத்த வீட்டில் கணினி கூடக் காலம் வாழும், வாடகையும் குறையும். கடலுக்கு நடந்தே வரலாம்.

எந்த வீடென்றாலும் உயரமான நிலத்துக்குப் போகும் ஒழுங்கையை முதல் நாளே நடந்து பாருங்கள். 2004 டிசெம்பர் 26 அன்று ஹிக்கடுவைக்குப் பக்கத்தில் பெரலியவில் சுனாமியில் ரயிலோடு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். அந்தக் கரையில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடம் கதைத்தாலும் அந்தக் காலைநேரம் வரும்.

"எனக்கு நீச்சல் தெரியும்"

மே முதல் செப்டெம்பர் வரை தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் இருக்காது என்று பயப்படுவது, இருக்கும் என்று சிங்களம் பழகாமல் விடுவது

இரண்டும் பிழை. வெலிகமவிலும் காலிக் கோட்டையிலும் மாத்தறையிலும் பழைய முஸ்லிம் குடும்பங்கள் வீட்டில் தமிழ்தான் கதைக்கின்றன. நோன்புக் காலத்தில் பக்கத்து வீட்டில் இருந்து கஞ்சி வரும். இன்னும் பின்னால் போனால், 1911இல் காலியில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு 1409ஆம் ஆண்டுத் திகதியோடு சீனம், பாரசீகம், தமிழ் மூன்றிலும் எழுதப்பட்டது. அதன் தமிழ்ப் பகுதி தெவுந்தரையில் இருந்த தென்னாவரை நாயனார் என்ற கடவுளுக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. போகுமுன் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம்.

ஆனால் கேஸ் சிலிண்டர் முடிந்த இரவில் கல்வெட்டு உதவாது. மீன்காரர், த்ரீவீலர்காரர், கரண்ட் லைன் பார்க்க வருபவர், கிராம உத்தியோகத்தர் எல்லாருடனும் சிங்களம்தான். கொழும்பில் ஆங்கிலம் கலந்து சமாளிக்கும் எங்கள் சிங்களம் அங்கே எடுபடாது. சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஒரு விலை இருக்கும் ஊரில், ஆங்கிலத்தில் வாய் திறந்தால் நீங்களும் பயணிதான். அடையாள அட்டைப் பிரதி கேட்டால் யுத்தகாலச் சோதனைகளைப் பார்த்த எங்கள் வயதுக்காரருக்கு நெஞ்சு ஒருமுறை இறுகும். இந்தக் காலத்தில் அது பெரும்பாலும் வீட்டுக்காரர் எல்லாரிடமும் வாங்குகிற கடதாசிதான். கொடுத்துவிடுங்கள்.

போயா அன்று சாமான் வாங்கலாம் என்றிருப்பது

பௌர்ணமி விடுமுறை, இறைச்சிக் கடை பூட்டு. முதல் நாளே வாங்குங்கள்.

"ஹைவேயில் இரண்டு மணிநேரம்தானே"

2011இல் கொட்டாவையில் இருந்து காலிக்குத் திறந்த அதிவேகப் பாதை பிறகு மாத்தறைக்கு நீண்டது உண்மைதான். ஆனால் அந்த வேகம் பஸ்ஸுக்குக் கொட்டாவைப் பக்கத்து மாக்கும்புரவோடு முடிந்துவிடும். அங்கிருந்து வேலைநாள் காலையில் வெள்ளவத்தைக்கு வந்து சேரும் நேரம் தனிக் கணக்கு. கிராமத்துப் பக்கத்தில் ஹைவே நுழைவாயில் வரை போவதும் தனி. ரயில் கடலோரமாக வரும், கொழும்புக்குள்ளேயே நேராக இறக்கிவிடும், மலிவு. வெள்ளி பின்னேரமும் போயா முதல் நாளும் மட்டும் நின்றுகொண்டுதான் வர வேண்டும். காலையில் கொழும்பில் கூட்டம் என்றால் முதல் நாள் இரவே வந்து படுப்பதுதான் புத்தி.

கொழும்பு அறையை உடனே கையளித்துவிடுவது

போகிற உற்சாகத்தில் எல்லாரும் செய்வது இது. வெள்ளவத்தையில், பம்பலப்பிட்டியில் விட்ட அறை திரும்பக் கிடைக்காது, கிடைத்தாலும் பழைய வாடகைக்குக் கிடைக்காது. ஒரு பருவமழையும் ஒரு டிசெம்பரும் கழியும் வரை ஒரு நண்பரோடு பங்குபோட்டாவது அதை வைத்திருங்கள், அல்லது அம்மா வீட்டில் ஒரு அலுமாரியாவது. தெஹிவளைச் சோடி ஃபைபர் ஒப்பந்தத்தின் மீதி மாதங்களுக்கு வெறும் வீட்டுக்குப் பில் கட்டிக்கொண்டு மாமியார் வீட்டு ஹோலில் இருந்துதான் லண்டனுக்கு வேலை பார்த்தார்கள். இந்த வருடம் அவர்கள் மறுபடியும் போகிறார்கள், வயலோரத்து வீட்டுக்கு. ஒப்பந்தத்தை நொத்தாரிசு எழுதியிருக்கிறார், டிசெம்பர் உள்ளே இருக்கிறது. மேசையை இந்தமுறை கழற்றிப் பூட்டுகிற மாதிரிச் செய்யச் சொல்லியிருக்கிறார்களாம்.