லோயர் ஃபோர்ட் கேரி: பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் மனிடோபா மாகாணத்தில் உள்ள பழைய கோட்டையான லோயர் ஃபோர்ட் கேரியைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் செய்யக்கூடிய முதல் தவறு, இடத்தையே மாற்றிக்கொள்வதுதான். கைப்பேசி வரைபடத்தில் ‘ஃபோர்ட் கேரி’ என்று மட்டும் தேடினால், வின்னிபெக் நகருக்குள் அதே பெயரில் உள்ள விடுதியோ, குடியிருப்புப் பகுதியோ, பழைய வாயில் ஒன்று எஞ்சியுள்ள அப்பர் ஃபோர்ட் கேரியோ முன்னே வரக்கூடும். 1826-ஆம் ஆண்டு வெள்ளம் நகரப் பகுதியில் இருந்த வணிக நிலையத்தைப் பாழாக்கிய பிறகு, விலங்குத் தோல் வணிகம் செய்துவந்த ஹட்சன் பே கம்பெனி 1830-களில் மேடான கரை பார்த்துக் கல்லால் கட்டியதுதான் லோயர் ஃபோர்ட் கேரி. அது நகருக்கு வடக்கே ஏறத்தாழ 32 கிலோமீட்டர் தொலைவில், ரெட் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. கட்டடங்களுக்குள் சென்று பார்க்கும் பருவம் பெரும்பாலும் கோடைக்காலம் மட்டுமே என்பதால், திறந்திருக்கும் நாள்களைப் இதைப் பராமரிக்கும் அரசு அமைப்பான பார்க்ஸ் கனடாவின் அறிவிப்பில் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

மதிலைக் கண்டதும் போர்க்கதை தேடுவது அடுத்த தவறு. 1846 முதல் 1848 வரை பிரிட்டிஷ் படையினர் இங்கே தங்கியிருந்தது உண்மைதான் என்றாலும், இதன் அன்றாட வேலை கடையும் கிடங்கும் பண்ணையுமாகவே இருந்தது. சுற்றுவட்டார விளைபொருள்களைத் திரட்டி, தொலைதூர வணிக நிலையங்களுக்கும் ‘யார்க்’ எனப்படும் சரக்குப் படகுகளை ஓட்டியவர்களுக்கும் உணவும் சரக்கும் அனுப்பிவைத்த இடம் இது.

ஆகவே கிடங்கின் மேல்தளத்தில் தோல்கள் தொங்கும் பகுதியை ஒரு புகைப்படத்தோடு கடந்துவிடக் கூடாது. பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் தோலில் வெளியே தெரியும் முரட்டு மயிரை விலக்கிப் பார்த்தால், அடியில் அடர்ந்த மென்மயிர் இருக்கும். அதன் நுண்ணிய கொக்கிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால்தான் அது ஐரோப்பியத் தொப்பிகளுக்கான உறுதியான ஃபெல்ட் (நெய்யாமல் அழுத்திச் செய்யும் துணி) ஆயிற்று. கம்பெனியின் கம்பளிப் போர்வை ஓரத்தில் உள்ள சிறு கோடுகள் அதற்கு ஈடான பீவர் தோல்களின் எண்ணிக்கை என்ற கதையையும் நம்ப வேண்டாம். அவை போர்வையின் அளவைக் காட்டுபவை. அக்கால உடையில் நிற்கும் வழிகாட்டிகளைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவதும் இழப்பே, ஏனெனில் இத்தகைய நுணுக்கங்களைக் கேட்டால் விளக்கத்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, என் கணிப்பில், முதலாம் ஒப்பந்தத்தைக் கவனிக்காமல் திரும்புவது. 1871 ஆகஸ்ட் 3 அன்று அனிஷினாபே, சதுப்புநில கிரீ என்ற பூர்வகுடி மக்களின் ஏழு சமூகங்களுக்கும் பிரிட்டிஷ் முடியரசுக்கும் இடையிலான அந்த ஒப்பந்தம் இங்கேதான் கையெழுத்தானது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 160 ஏக்கர் நிலமும் ஆண்டுக்கு 15 டாலரும் (தலைக்கு 3 டாலர்) என்பது ஏட்டில் எழுதப்பட்டது. வாய்மொழியாகத் தந்த வாக்குறுதிகள் பல ஏட்டில் ஏறவில்லை என்று சமூகங்கள் முறையிட்டதையடுத்து, 1875-இல் ஆண்டுத் தொகை தலைக்கு 5 டாலராக உயர்த்தப்பட்டது. அந்த 5 டாலர் இன்றும் அதே அளவில்தான் வழங்கப்படுகிறது.